யாரு வீட்டுப் பிள்ளை?

திருநெல்வேலிப் பக்கம் புதிதாக ஓர் ஆளைப் பார்த்தால் பேர் கேட்பதற்கு முன்னால் ஊர் கேட்பார்கள். ஊரைச் சொன்னால் தெரு. தெருவைச் சொன்னால், "அங்க யாரு வீடு?" மூன்றாவது கேள்விக்குள் அப்பா பேர், சாதி, சித்தியை எந்த ஊரில் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள் என்பதெல்லாம் வெளியே வந்துவிடும். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் கேட்டால் அதில் பாசம்கூட இருக்கும். அதையே மெடிக்கல் கடை அண்ணாச்சி கேட்டால், ஆஸ்பத்திரியில் ஓ.பி. சீட்டு போடுகிறவர் கேட்டால், 19 வயதுப் பையன் கேட்க வந்ததை விட்டுவிட்டு ஒரு தலைவலி மாத்திரையை வாங்கிக்கொண்டு திரும்பிப் போய்விடுவான்.

நான் இந்தப் பக்கத்து அரசு ஆஸ்பத்திரி ஒன்றில், நம்பிக்கை மையத்தில் ஆற்றுப்படுத்துநராக வேலை பார்க்கிறேன். எச்.ஐ.வி. பரிசோதனைக்கு முன்னாலும் பின்னாலும் வருகிறவர்களிடம் உட்கார்ந்து பேசுவதுதான் வேலை. இங்கே நான் எழுதுகிற பிள்ளைகளின் ஊர், வயது, வேலை எல்லாவற்றையும் ஆள் தெரியாதபடி மாற்றியிருக்கிறேன்.

பாலியல் நோய், கருக்கலைப்பு என்று பேச்சு வந்தாலே, "செல்போன் வந்துதான் பிள்ளைகள் கெட்டுப்போச்சு" என்பார்கள். அந்தப் பிள்ளைகளோடு தினமும் பேசுகிறவள் என்ற முறையில் சொல்கிறேன்: நோயோடு வருகிற பையனுக்கும் நோயில்லாமல் வருகிற பையனுக்கும் நடத்தையில் நான் பெரிய வித்தியாசத்தைக் கண்டதில்லை. சந்தேகம் வந்த அன்றைக்கே போய்ச் சொல்ல, திட்டாமல், யார் வீட்டுப் பிள்ளை என்று துருவாமல் கேட்டுக்கொள்ள ஒரு பெரியவர் இருந்தாரா என்பதில்தான் வித்தியாசம் இருக்கிறது. வீட்டில் காசு இருக்கிற பிள்ளைக்கு அப்படி ஒருவர் எப்படியாவது கிடைத்துவிடுகிறார். ஊர் தள்ளி ஒரு தனியார் டாக்டரையாவது பார்த்துவிடுகிறது. பத்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு வேலைக்குப் போன பிள்ளைக்குத்தான் யாரும் இல்லை.

ஒரு பையனைச் சொல்கிறேன். பத்தாவது முடித்ததும் எர்ணாகுளம் பக்கம் ஓட்டல் வேலைக்குப் போனவன். எங்கள் பக்கத்து ஆண்பிள்ளைகளுக்கு அது புதிதில்லை. கேரளம், மும்பை, சென்னை என்று ஏதோ ஒரு திக்கில் தெரிந்தவர் ஒருவர் இருப்பார், பையன் அவரிடம் போய்ச் சேருவான். ஒரே அறையில் பத்துப் பேர், ஞாயிற்றுக்கிழமை கையில் கொஞ்சம் காசு, கூட இருக்கிற மூத்தவர்கள் கூப்பிடுகிற இடத்துக்குப் போகாவிட்டால் "ஆம்பளையால நீ?" என்ற கேலி. இவனும் போனான். கொஞ்ச நாளில் உறுப்பில் ஒரு புண். வலி இல்லை. அறையில் இருந்த கூட்டாளி பார்த்துவிட்டு, "சூட்டுக் கொப்புளம்ல, நல்லெண்ணெய் தேச்சுக் குளி, இளநீ குடி" என்றான். குளித்தான், குடித்தான். மூன்று நாலு வாரத்தில் புண் ஆறிவிட்டது.

சிபிலிஸ் அப்படித்தான் ஏமாற்றும். முதல் புண் வலிக்காது, மருந்தே போடாவிட்டாலும் தானாக ஆறும். கிருமி மட்டும் ரத்தத்தில் இருந்துகொண்டே இருக்கும். எண்ணெய்க் குளியலுக்குப் பேர் கிடைத்தது, பையன் மறந்துவிட்டான். இரண்டு மாதம் கழித்து உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் செம்பு நிறத்தில் புள்ளி புள்ளியாக வந்தது. பாத்திரம் கழுவுகிற சோப்பு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துக்கொண்டு மெடிக்கலில் களிம்பு வாங்கிப் போட்டான். ஆடி மாதம் கோயில் கொடைத் திருவிழாவுக்கு ஊருக்கு வந்தபோது அம்மாதான் கையைப் பார்த்துவிட்டுத் தோல் டாக்டரிடம் கூட்டிப்போனாள். அவர் ரத்தப் பரிசோதனைக்கு எழுதி எங்கள் பக்கம் அனுப்பினார்.

என் மேசைக்கு எதிரே உட்கார்ந்தவன் கையை மேலே வைக்கவே இல்லை. தொடைக்கு அடியில் இரண்டு கையையும் சொருகி வைத்துக்கொண்டிருந்தான். முடிவைச் சொன்னேன். அவன் முதலில் கேட்டது, "எக்கா, ஊர்ல யாருக்கும் தெரியுமா?" சரியாகிவிடுமா என்று கேட்டது அதற்கப்புறம்தான். அவனுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள், மாமா மகளைத்தான். அவன் இருந்த கட்டத்தில் அந்த நோய்க்கு மருந்து ஒரே வேளை பென்சிலின், இடுப்புக்குக் கீழே இரண்டு பக்கமும் பிரித்துப் போடுகிற ஊசி. அரசு ஆஸ்பத்திரியில் காசு கிடையாது. அவ்வளவு எளிதாகத் தீருகிற நோய் அத்தனை மாதம் அவன் உடம்பில் இருந்தது. அம்மா கண்ணில் படாமலே கல்யாணம் முடிந்திருந்தால் அந்தப் பெண்ணுக்கும், அவள் வயிற்றில் வருகிற பிள்ளைக்கும் போயிருக்கலாம்.

கூட்டாளி ஏன் வைத்தியரானான்? வேறு யார் பேசுகிறார்கள் என்று பாருங்கள். பஸ் ஸ்டாண்டுச் சுவரில், கழிப்பறைக் கதவில், ரயில் பெட்டியில் நோட்டீஸ் ஒட்டியிருக்கும். "வாலிப வயோதிக அன்பர்களே" என்று தொடங்குகிற பேச்சைத் தமிழ்நாட்டில் கேட்காத ஆள் இல்லை. இன்ன தேதியில் இன்ன லாட்ஜில் வைத்தியர் இருப்பார் என்று போட்டிருக்கும். சுய இன்பம் செய்ததால் நரம்பு தளர்ந்துவிட்டது, கல்யாணத்துக்கு லாயக்கில்லை என்று நம்பிக்கொண்டு, சம்பளத்தை அங்கே கொண்டுபோய்க் கொட்டுகிற பையன்களை நிறையப் பார்க்கிறேன். இல்லாத நோய்க்கு ஆயிரக்கணக்கில் செலவழித்தவன், இருக்கிற நோய்க்குப் பரிசோதனை செய்துகொள்ள வருவதில்லை. லாட்ஜ் வைத்தியர் அவனிடம் ஒரு விஷயத்தில் நம்மைவிடச் சாமர்த்தியமாக நடந்துகொள்கிறார்: கதவைச் சாத்திவிட்டுப் பேசுகிறார்.

பள்ளிக்கூடம் பேசலாம். பாடப்புத்தகத்தில் இல்லாமல் இல்லை. பன்னிரண்டாம் வகுப்பு விலங்கியலில் "இனப்பெருக்க நலன்" என்று தனிப் பாடமே இருக்கிறது; பால்வினை நோய்கள், கருத்தடை முறைகள் எல்லாம் அதில் வருகின்றன. ஆனால் அது அறிவியல் பிரிவு எடுத்த பிள்ளைக்கு. வணிகவியல் எடுத்தவனுக்கும், ஐ.டி.ஐ.க்குப் போனவனுக்கும், பத்தாவதோடு நின்றவளுக்கும் அந்தப் பாடம் கண்ணிலேயே படாது. படுகிற வகுப்பிலும் பல இடங்களில், "நீங்களே வாசிச்சுக்கோங்க" என்று பக்கத்தைப் புரட்டிவிடுகிறார்கள். டீச்சர்களை மட்டும் குறை சொல்ல மாட்டேன். பாடம் நடத்திய மறுநாள் யாராவது ஒரு பெற்றோர் வந்து சத்தம் போட்டால், அவர்களுக்குப் பின்னால் நிற்க ஆள் வேண்டும்.

அரசு சத்தமாகப் பேசிய காலமும் உண்டு. 1986-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும்தான் இந்தியாவில் எச்.ஐ.வி. இருக்கிறது என்று முதலில் கண்டுபிடித்தார்கள். 1994-இல் தமிழ்நாடு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் வந்தது. 2000-களின் தொடக்கத்தில், புள்ளிராஜா என்று ஒரு கற்பனை ஆளை வைத்து, "புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?" என்று ஊரெல்லாம் எழுதிப் போட்டார்கள். டீக்கடையில் வாய்விட்டுப் பேச முடியாத விஷயத்தைப் பேச வைத்ததற்கு அதற்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனால் அது மனதில் பதித்துவிட்டுப் போன ஆள் ஒரு மாதிரி: பல இடத்துக்குப் போகிறவன், மீசை வைத்தவன், வயது வந்த ஆண். இன்றைக்கு 20 வயதுப் பிள்ளை என் முன்னால் உட்கார்ந்து, "நான் அப்படிப்பட்ட ஆளு கிடையாதுக்கா, ஒரே ஆளுகிட்டதான் பழகுதேன்" என்று சொல்லும்போது எனக்கு அந்தப் புள்ளிராஜா ஞாபகம்தான் வருகிறது. அந்த ஒரே ஆள் இதற்கு முன்னால் யாரோடு பழகினார் என்பது பிள்ளைக்குத் தெரியாது. கேட்டால் நம்பவில்லை என்று ஆகிவிடும். ஆணுறை என்று பேச்செடுத்தால், "என்னை என்னன்னு நினைச்ச?" என்று சண்டை வரும்.

பெண்பிள்ளைகள் கதை வேறு. முக்கூடல், ஆலங்குளம், மேலப்பாளையம் பக்கம் போனால் திண்ணையில் மடியில் தட்டை வைத்துக்கொண்டு பீடி சுற்றுகிற பெண்களைப் பார்க்கலாம். அந்த வருமானத்தில் குடும்பம் ஓடும், நகை சேராது. அதனால் மூத்த மகளை மில்லுக்கு அனுப்புவார்கள். மூன்று வருடம் ஹாஸ்டலில் தங்கி வேலை பார்த்தால் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் என்று, சுமங்கலித் திட்டம் என்ற பேரில் ஏஜெண்டுகள் தென்மாவட்டக் கிராமங்களில் ஆள் பிடித்தார்கள். பெரிய எதிர்ப்புக்கு அப்புறம் அந்தப் பேர் மறைந்துவிட்டது. ஹாஸ்டலில் அடைத்து வைத்து வேலை வாங்குகிற பழக்கம் அவ்வளவு சீக்கிரம் போகவில்லை. வெளியே விடமாட்டார்கள், செல்போன் பேச நேரம் வைத்திருப்பார்கள், மேலே இருக்கிற ஆள் வைத்ததுதான் சட்டம்.

அப்படிப் போன ஒரு பிள்ளை. 17 வயது. சூப்பர்வைசர் கட்டிக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறான். மூன்று மாதக் கர்ப்பத்தோடு ஊருக்குத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அம்மா யாரிடமோ சொல்லி, எங்கிருந்தோ மாத்திரை வாங்கிக் கொடுத்தாள். நாலு நாள் ரத்தம் நிற்கவில்லை. பக்கத்திலேயே ஆரம்ப சுகாதார நிலையம் இருந்தது. அங்கே போகாமல், நிற்கவே முடியாத பிள்ளையை மூன்று பஸ் மாறி ஏற்றிக் கூட்டிவந்தாள். ஏன் என்று கேட்டேன். "அங்க இருக்க நர்சம்மா எங்க ஊருக்காரி மேடம். இவளுக்குக் கீழ இன்னொருத்தி இருக்கா. அவள எவன் கட்டுவான்?" பேசும்போதெல்லாம் முந்தானையில் விரலைத் துடைத்துக்கொண்டே இருந்தாள், பீடித் தூள் மணம் அறை முழுக்க இருந்தது. ரத்தம் ஏற்றி, டாக்டர்கள் அந்தப் பிள்ளையைக் காப்பாற்றிவிட்டார்கள்.

இந்த அம்மாவை ஏசத் தோன்றும். எனக்கு ஏச மனசு வரவில்லை. அவள் கணக்குப் போட்டுத்தான் முடிவெடுத்தாள். ஒரு மகளின் உயிருக்கு வரக்கூடிய ஆபத்தை ஒரு பக்கமும், இரண்டு மகள்களின் வாழ்க்கையில் ஊர் செய்யப்போவதை மறுபக்கமும் வைத்துப் பார்த்தாள். அந்த இரண்டாவது பக்கத்தைக் கனமாக்கி வைத்தது நாம் எல்லோரும்தான்.

அவளுக்கு இன்னொரு பயமும் இருந்தது, போலீஸ். பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்க வந்த 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி 18 வயதுக்குக் கீழே யாரும் பாலுறவுக்குச் சம்மதம் தர முடியாது. விஷயம் தெரிந்த டாக்டர் காவல்துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும், சொல்லாவிட்டால் அவர் மேலேயே வழக்கு வரும். அந்தச் சட்டம் வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. அந்த சூப்பர்வைசர் உள்ளே போக வேண்டிய ஆள்தான். ஆனால் சட்டத்துக்குப் பயந்து ஆஸ்பத்திரி வாசலையே மிதிக்காமல் பிள்ளை செத்துப்போனால் யாரைக் காப்பாற்றியதாகக் கணக்கு? 2022 செப்டம்பர் 29-இல் உச்ச நீதிமன்றம் இதற்கு ஒரு வழி சொன்னது: 18 வயதுக்குக் கீழான பெண் கருக்கலைப்புக்கு வரும்போது, அவளும் காப்பாளரும் கேட்டுக்கொண்டால், டாக்டர் போலீசுக்குக் கொடுக்கிற தகவலில் அவள் பேரையும் அடையாளத்தையும் சொல்ல வேண்டியதில்லை. இது வந்த பிறகும் நான் பேசுகிற அம்மாக்களில் ஒருத்திக்குக்கூட இது தெரிந்திருக்கவில்லை. இதைத்தான் சுவரில் எழுதிப் போட வேண்டும்.

போலீஸுக்குப் பயந்து ஒளிகிறவர்களில் ஒருவரையொருவர் விரும்புகிற பிள்ளைகளும் உண்டு. அவளுக்கு 17, அவனுக்கு 19. வீட்டுக்குத் தெரிந்தால் பையன் மேல் போக்சோ, பெண்ணுக்கு அவசரக் கல்யாணம். இப்படிப்பட்ட பிள்ளைகளை உள்ளே தள்ள இந்தச் சட்டம் போடப்படவில்லை என்று சென்னை உயர் நீதிமன்றமே 2021-இல் சொல்லியிருக்கிறது. அவசரக் கல்யாணம் ஆபத்துக்கு முடிவு என்று நினைக்கிறார்கள். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வில், தமிழ்நாட்டில் 20 முதல் 24 வயதுப் பெண்களில் 12.8 சதவீதம் பேருக்கு 18 வயதுக்கு முன்பே கல்யாணம் ஆகியிருந்தது. 17 வயது மனைவிக்கு ஆணுறை போடச் சொல்ல எந்த வீட்டில் வாய் உண்டு? தாலி ஏறிவிட்டால் அந்த ஆபத்து வெள்ளைப்படுதலாக, அடிவயிற்று வலியாக, குழந்தை தங்கவில்லை என்ற பேச்சாக வருஷக்கணக்கில் நீளும். கிளமீடியா மாதிரிப் பால்வினைத் தொற்று பெண்ணுக்குப் பெரும்பாலும் ஒரு அறிகுறியும் காட்டாது. கருக்குழாய் அடைத்த பிறகுதான் தெரியும், அதற்குள் அவளுக்கு மலடி என்று பேர் வைத்திருப்பார்கள்.

இதில் சாதியை விட்டுவிட்டு எழுதினால் அது திருநெல்வேலியைப் பற்றிய கட்டுரையாக இருக்காது. "எந்தத் தெரு?" என்ற கேள்வி எங்கள் கிராமங்களில் எதைக் கேட்கிறது என்று இங்கே வாசிக்கிற எல்லோருக்கும் தெரியும். கையில் கட்டிய கயிற்றின் நிறத்தில் பள்ளிக்கூடத்துப் பையன்கள் ஒருவரையொருவர் அடையாளம் பார்க்கிற ஊர் இது. 2025 ஜூலையில் பாளையங்கோட்டையில் ஒரு மென்பொருள் பொறியாளர், வேறு சாதிப் பெண்ணோடு பழகியதற்காகப் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டார். பெண்ணின் சகோதரர் கைதானார். அதற்கு அடுத்த வாரங்களில் என்னிடம் வந்த பிள்ளைகள் நோயைப் பற்றிப் பேசவே இல்லை. "இந்த நோட்டுல எழுதுறத யாரு பாப்பா?" என்று கேட்டார்கள். வேறு சாதியில் விரும்புகிற பிள்ளைகள் சேர்ந்து ஒரு டாக்டரைப் பார்க்கப் போக முடியாது. மெடிக்கலில் நிற்க முடியாது. சந்திப்பதே அரை மணி நேரம், யார் வருவார்களோ என்ற பதற்றத்தில். அந்த அவசரத்தில் பாதுகாப்பைப் பற்றி யோசிக்க அவர்களுக்கு நேரம் இருப்பதில்லை.

அடுத்த நாளாவது அவசர கருத்தடை மாத்திரை வாங்கலாம் என்றால், அதை 72 மணி நேரத்துக்குள் போட வேண்டும், சீக்கிரம் போட்டால் நல்லது. மருத்துவர் சீட்டு இல்லாமலே விற்கலாம் என்று விதி இருந்தும், தமிழ்நாட்டில் பல மெடிக்கல்களில் கேட்டால் "இல்லை" என்ற பதில்தான் கிடைக்கிறது. இல்லை என்று சொல்வதற்கு முன்னால் ஏற இறங்கப் பார்க்கிற பார்வை வேறு.

கல்லூரி ஹாஸ்டல் பையன் ஒருவன். ஆண்களை விரும்புகிறவன். செல்போன் ஆப்பில் பழகிய ஆளைப் பார்க்கப் போன இடத்தில் மிரட்டி, வீடியோ எடுத்து, பணம் பறித்து, பலவந்தமும் செய்திருக்கிறார்கள். ஓரினச்சேர்க்கையைக் குற்றமாக வைத்திருந்த 377-ஆம் பிரிவை, சம்மதத்தோடு பழகுகிற பெரியவர்களுக்கு அது பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் திருத்தி வாசித்தது 2018 செப்டம்பர் 6-இல். இந்தப் பையனுக்கு அது தெரியும், படித்தவன். ஆனால் போலீசுக்குப் போனால் அப்பாவுக்குத் தெரியும், அப்பாவுக்குத் தெரிந்தால் ஊருக்குத் தெரியும். பத்து நாள் ஹாஸ்டல் அறையில் படுத்தே கிடந்துவிட்டு அப்புறம் வந்தான். மூன்று நாளுக்குள், அதாவது 72 மணி நேரத்துக்குள் வந்திருந்தால், எச்.ஐ.வி. தொற்றாமல் தடுக்க 28 நாள் சாப்பிடுகிற மாத்திரையை ஆரம்பித்திருக்கலாம். அப்படி ஒன்று இருப்பதே அவனுக்குத் தெரியாது. அவனுடைய பரிசோதனை முடிவை இங்கே எழுத மாட்டேன். 2017-ஆம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டம் அந்தத் தகவலை அவனுடைய உரிமையாக வைத்திருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் எழுத மாட்டேன். பொதுவாக ஒன்று சொல்லலாம்: இன்றைக்கு எச்.ஐ.வி. இருந்தாலும் கூட்டு மருந்தை விடாமல் சாப்பிட்டு, ரத்தத்தில் வைரஸ் கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு இறங்கிவிட்டால், உடலுறவு மூலம் அடுத்தவருக்குப் பரவாது. 2004 முதல் அரசு இந்த மருந்தை இலவசமாகத் தருகிறது. கல்யாணம், குழந்தை எல்லாம் நடக்கிறது.

எங்கள் ஆஸ்பத்திரியில் இலவச ஆணுறைப் பெட்டி ஒன்று இருக்கிறது. முதலில் அதை ஓ.பி. வரிசைக்கு நேர் எதிரே மாட்டியிருந்தார்கள், பெஞ்சில் முப்பது பேர் பார்த்துக்கொண்டிருக்கிற இடத்தில். வாரக்கணக்கில் நிரப்பினது நிரப்பினபடி இருக்கும். பின்னால் சைக்கிள் ஸ்டாண்டுக்குப் போகிற சந்தில், மாடிப்படிக்குக் கீழே மாற்றி மாட்டச் சொல்லிக் கேட்டோம். மாற்றினார்கள். திங்கட்கிழமை நிரப்பினால் வியாழக்கிழமை காலி. அந்தப் பிள்ளைகளுக்கு யாரும் புதிதாக ஒரு வகுப்பும் எடுக்கவில்லை. பெட்டியை நகர்த்தினோம், அவ்வளவுதான்.

அதனால்தான் விழிப்புணர்வு, விழிப்புணர்வு என்று பேரணி நடத்திக்கொண்டே இருப்பதில் எனக்கு நம்பிக்கை குறைந்துவிட்டது. டிசம்பர் 1-ஆம் தேதி, உலக எய்ட்ஸ் தினத்தன்று, பிளக்ஸ் பிடித்துப் போட்டோ எடுத்துக்கொள்கிறோம். பிள்ளைகளுக்குப் பாதி விஷயம் ஏற்கெனவே தெரிந்துதான் இருக்கிறது. தெரிந்ததைச் செய்வதற்கு யார் கண்ணிலும் படாத ஒரு வழி வேண்டும்.

வீட்டில் பிள்ளை வந்து இப்படி ஒன்றைச் சொன்னால் அந்த நிமிஷம் "யாரு? எப்ப? எங்க?" என்று விசாரணையை ஆரம்பிக்காதீர்கள். "சரி, நாளைக்குக் காலைல டாக்டர்ட்ட போவோம்" என்று மட்டும் சொல்லுங்கள். மற்றதை அப்புறம் பேசலாம். சொந்தத் தாலுகாவில் போகக் கூச்சமாக இருந்தால் தூத்துக்குடிக்கோ நாகர்கோவிலுக்கோ போங்கள். எந்த ஊர் நம்பிக்கை மையத்திலும் பரிசோதனை செய்துகொள்ளலாம், இலவசம். 18 வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோரோ காப்பாளரோ சம்மதம் தர வேண்டும். ஆபத்து நேர்ந்து சில நாளில் எடுத்த முதல் பரிசோதனையில் ஒன்றும் இல்லை என்று வந்தாலும் மூன்று மாதம் கழித்து இன்னொரு தடவை பார்த்துவிடுங்கள். யாரிடமும் நேரில் கேட்க முடியாதவர்கள் 1097-ஐக் கூப்பிடலாம், கட்டணம் கிடையாது. 18 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்குக் கல்யாண ஏற்பாடு நடந்தாலோ, யாராவது துன்புறுத்தினாலோ 1098.

எங்கள் பக்கம் இன்னொரு வேலை பாக்கி இருக்கிறது. ஓ.பி. மதியத்தோடு முடிந்துவிடுகிறது. ஓட்டலில், மில்லில், கடையில், கட்டட வேலையில் இருக்கிற பிள்ளை அந்த நேரத்தில் வர வேண்டுமென்றால் ஒரு நாள் சம்பளத்தை விட வேண்டும், எதற்கு லீவு என்று முதலாளியிடம் சொல்லவும் வேண்டும். வாரத்தில் ஒரு நாள் சாயங்காலம் ஐந்து மணியிலிருந்து எட்டு மணி வரை, 25 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு மட்டும், சந்துப் பக்கத்து வாசலைத் திறந்து வைக்க அனுமதி கேட்டு எழுதியிருக்கிறோம். ஒரு லேப் டெக்னீஷியனும் ஒரு நர்சும் இருந்தால் போதும், நான் இருக்கிறேன். அந்தக் கடிதத்துக்கு இன்னும் பதில் வரவில்லை. கொடைக்கு வெளியூர்ப் பிள்ளைகள் எல்லாம் திரும்பி வருவதற்குள் ஆரம்பித்துவிட வேண்டும் என்று திரும்பவும் எழுதிக்கொண்டிருக்கிறோம்.